கடிகாரம் இல்லாத போட்டி: இளையோர் ஃப்ரீரைடு பனிச்சறுக்கில் மதிப்பெண் எப்படி விழுகிறது?

இளையோர் ஃப்ரீரைடு போட்டி ஒன்றின் முடிவுப் பட்டியலை முதல்முறை பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்காது. அன்றைக்கே உயரமான பாறையிலிருந்து குதித்த பையன் பதினொன்றாம் இடத்தில் இருப்பான். குதித்ததே இரண்டு சிறிய தாவல்தான் என்று தோன்றிய இன்னொரு பையன் மேடையில் நிற்பான். ஓரிடத்தில் வென்றவரின் மதிப்பெண் 36, இன்னோரிடத்தில் 88. யார் எவ்வளவு நேரத்தில் இறங்கினார் என்ற தகவலே பட்டியலில் இருக்காது. நடுவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைத் தூக்கிவிடுகிறார்களோ என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

பெரும்பாலும் அந்தச் சந்தேகத்துக்கு அவசியமில்லை. இந்த விளையாட்டை ஜிம்னாஸ்டிக்ஸ் போலவோ டைவிங் போலவோ, இந்த வித்தைக்கு இவ்வளவு புள்ளி என்று கூட்டிப் பார்ப்பதால் வரும் குழப்பம் அது. இங்கே கணக்கே வேறு.

## ஃப்ரீரைடு என்றால் எது?

ஆல்பைன் பந்தயத்தில் கொடிக்கம்பங்கள் நட்டிருக்கும்; அவற்றைச் சுற்றி யார் வேகமாக இறங்குகிறாரோ அவருக்கு வெற்றி. ஸ்லோப்ஸ்டைல் போட்டியில் இயந்திரத்தால் செதுக்கிய மேடைகளும் தண்டவாளங்களும் இருக்கும். எல்லோரும் ஒரே மேடையிலிருந்துதான் தாவ வேண்டும். ஃப்ரீரைடில் இரண்டும் கிடையாது. மேலே ஒரு தொடக்க வாயில், கீழே ஒரு முடிவுக் கோடு, நடுவே இயற்கை விட்டபடி கிடக்கும் செங்குத்தான மலைச்சரிவு. அந்தச் சரிவைத்தான் இனி மலைமுகம் என்று சொல்லப்போகிறேன். பாறை விளிம்புகள், இரு பாறைச்சுவர்களுக்கு நடுவே ஓடும் குறுகிய பனிச்சந்துகள், மரங்கள், புதைந்தும் புதையாமலும் கிடக்கும் கற்கள் எல்லாம் அதில் இருக்கும். எந்த வழியாக இறங்குவது என்பது போட்டியாளரின் முடிவு. அந்த வழிக்குத் தடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

போட்டியின் முக்கால்வாசி இந்தத் தடத்தில்தான் இருக்கிறது. காலில் ஸ்கீ என்ற நீளப் பலகைகளை மாட்டுவதற்கு முன்பே, எந்தத் தடம் என்று முடிவு செய்யும்போதே, பாதி மதிப்பெண் தீர்மானமாகிவிடுகிறது.

## யார் நடத்துகிறார்கள்?

இந்த வகைப் போட்டிகளின் வேர் 1991இல் அலாஸ்காவின் வால்டீஸில் நடந்த உலகத் தீவிரப் பனிச்சறுக்குச் சாம்பியன்ஷிப் வரை போகிறது. 1996இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கியின் முன்முயற்சியில் ஐ.எஃப்.எஸ்.ஏ. என்ற ஃப்ரீரைடு வீரர்களின் அமைப்பு அமெரிக்காவில் உருவானது. சுவிட்சர்லாந்தின் வெர்பியேவில், 3222 மீட்டர் உயர பெக் தெ ரோஸ் மலையில், எக்ஸ்ட்ரீம் போட்டி தொடங்கியது. முதலில் அது, இரு காலும் ஒரே பலகையில் நிற்கும் ஸ்னோபோர்டு வீரர்களுக்கு மட்டும்தான். ஸ்கீ வீரர்களை 2004இல் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2008இல் பிறந்த ஃப்ரீரைடு வேர்ல்டு டூர் என்ற போட்டித் தொடர்.

இளையோரைப் பொறுத்தவரை இரண்டு மரபுகள் உண்டு.

1. வட அமெரிக்க மரபு. ஐ.எஃப்.எஸ்.ஏ. அங்கீகரிக்கும் போட்டிகள். 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தொடங்கி 19 வயதுக்கு உட்பட்டோர் வரை அடுக்கடுக்காகப் போகும். வட்டாரப் போட்டி, அதற்கு மேல் தேசியப் போட்டி, பருவ முடிவில் சாம்பியன்ஷிப்.

2. ஐரோப்பிய மரபு. ஃப்ரீரைடு வேர்ல்டு டூரின் ஜூனியர் கிளை. முக்கியப் பிரிவு 18 வயதுக்கு உட்பட்டோர். போட்டிகளுக்கு நட்சத்திரத் தரம் உண்டு. நட்சத்திரம் கூடினால் தரவரிசைப் புள்ளியும் கூடும். ஆஸ்திரியாவின் காப்பல் பல ஆண்டுகளாக ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியிருக்கிறது.

இரண்டிலும் ஆண், பெண், ஸ்கீ, ஸ்னோபோர்டு என நான்கு பட்டியல்கள் தனித்தனியாகப் போடப்படும். ஒரே மலைமுகத்தில் ஒரே நாளில் எல்லாம் நடந்தாலும் ஒரு பட்டியலின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

36க்கும் 88க்கும் உள்ள வித்தியாசத்துக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. வேர்ல்டு டூர் பாணியில் மதிப்பெண் நூற்றுக்கு. வட அமெரிக்க இளையோர் போட்டிகளின் வழக்கமான கணக்கு ஐந்து தலைப்பு, தலைப்புக்குப் பத்து, ஆக ஐம்பதுக்கு. ஐம்பதுக்கு 36 என்பது மிக நல்ல இறக்கம்.

## போட்டி நாள் எப்படிப் போகும்?

1. மலைமுகத்தை மூடுவார்கள். போட்டிக்குச் சில நாள் முன்பிருந்தே பொதுமக்கள் அங்கே சறுக்கக் கூடாது. பனி மிதிபடாமல் இருக்கத்தான் இது. பனிச்சரிவு ஆபத்தைக் கண்காணிப்பவர்கள் சரிவைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் வெடி வைத்துத் தளர்ந்த பனியை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். பனி ஒரே பலகையாகப் பெயர்ந்து விழும் பலகைப் பனிச்சரிவுகள் அதிகம் நடப்பது 30 முதல் 45 பாகைச் சாய்வில். ஃப்ரீரைடுக்கு ஏற்ற சாய்வும் அதேதான். அதனால் இந்த வேலையில் சமரசமே கிடையாது.

2. ஆய்வு. வேர்ல்டு டூரின் பெரிய போட்டிகளில் மலைமுகத்தில் காலே வைக்க முடியாது. எதிர்ச்சரிவில் நின்று பைனாகுலரில் பார்க்கலாம், புகைப்படத்தில் கோடு போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். வட அமெரிக்க இளையோர் போட்டிகள் பெரும்பாலும் சறுக்கு மையத்தின் எல்லைக்குள்ளேயே நடப்பதால், ஸ்கீயைக் குறுக்காக வைத்து மெல்ல நழுவியபடி தடத்தைப் பார்த்துவர அனுமதிப்பது உண்டு. பாறையிலிருந்து குதித்துப் பார்க்கக் கூடாது.

3. முன்னோடிகள். போட்டியில் இல்லாத ஓரிருவர் முதலில் இறங்குவார்கள். பனி எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். நடுவர்கள் தங்கள் அளவுகோலைச் சரிசெய்துகொள்ளவும் அதுவே சந்தர்ப்பம்.

4. ஒவ்வொருவராக இறக்கம். வாக்கி-டாக்கியில் கீழேயிருந்து அனுமதி வந்தபிறகுதான் தொடக்க வாயில் திறக்கும். முந்தையவர் விழுந்து கிடந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் மங்கி மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் போட்டியே நிற்கும்.

5. இறுதிச்சுற்று. இரண்டு நாள் போட்டியென்றால் முதல் நாளில் முன்னணி பெற்றவர்கள் மட்டும் மறுநாள் இறங்குவார்கள். சின்ன வயதுப் பிரிவுகளில் ஒரே இறக்கத்தோடு முடிந்துவிடுவதும் உண்டு.

ஓர் இறக்கத்துக்கு இரண்டு நிமிட இடைவெளி என்று வைத்தாலே 120 பேருக்கு நான்கு மணி நேரம் ஆகிவிடும். குளிர்காலப் பகல் அதற்கு மேல் அதிகம் தாங்காது. பல போட்டிகளில் இடம் கிடைப்பதே போட்டியாக இருப்பதன் காரணம் இதுதான்.

## ஐந்து தலைப்புகள்

பெயர்கள் அமைப்புக்கு அமைப்பு கொஞ்சம் மாறும். உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. தடம். எவ்வளவு கடினமான வழி? செங்குத்து எவ்வளவு, பாறை எவ்வளவு உயரம், எத்தனை தடைகள் அடுத்தடுத்து வருகின்றன என்பதெல்லாம் இதில் சேரும். இவற்றோடு ஆபத்து வெளிப்பாடு என்று ஒன்று உண்டு. பார்வையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இதுதான். ஒரே உயரமுள்ள இரண்டு பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கீழே அகலமான மெத்தைப் பனி. இன்னொன்றின் கீழே பத்து மீட்டரில் அடுத்த பாறை விளிம்பு. முதலாவதில் விழுந்தால் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு போகலாம். இரண்டாவதில் விழுந்தால் கதையே வேறு. தூரத்திலிருந்து இரண்டும் ஒரே தாவலாகத் தெரியும். நடுவர் தாளில் தெரியாது.

புதுமைக்கும் இங்கே இடமுண்டு. நாற்பது பேர் இடப்பக்கச் சந்தில் போயிருக்கும்போது ஒருத்தி வலப்பக்கப் பாறைகளுக்கு நடுவே யாரும் பார்க்காத வழியொன்றைக் கண்டுபிடித்தால் அதற்கு மதிப்பு உண்டு. பனியின் நிலையும் கணக்கில் வரும். காலையில் புதுப்பனியில் எளிதாக இருந்த தடம் மதியம் மிதிபட்டு இறுகியபின் கடினமாகிவிடலாம்.

2. கட்டுப்பாடு. இளையோர் போட்டியின் உயிர் இங்கேதான் என்பது என் கணிப்பு. நடுவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்கீயை இவர் ஓட்டுகிறாரா, ஸ்கீ இவரை இழுத்துக்கொண்டு போகிறதா?

ஒரு லேண்டிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்று மீட்டர் பாறையிலிருந்து ஒருவர் இறங்குகிறார். ஸ்கீ பனியைத் தொட்டதும் முழங்கால் மடிகிறது, கைகள் முன்னாலேயே இருக்கின்றன, அரை நொடியில் அடுத்த திருப்பம் தொடங்கிவிடுகிறது. இது சுத்தம். அடுத்தவருக்கு எடை ஒரு விரற்கடை பின்னால் போய்விட்டது. பின்கை பனியில் உரசிவிட்டு வந்தது. மதிப்பெண்ணில் சின்னக் கழிவு. மூன்றாமவர் பிட்டமும் முதுகும் பனியில் அறையும்படி உட்கார்ந்து, அந்த வேகத்திலேயே எம்பி எழுந்துவிட்டார். கூட்டத்துக்கு அது வீரமாகத் தெரியும், கைதட்டல் வரும். நடுவருக்கு அது விழுந்துவிட்டு எழுந்ததற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நான்காமவர் அழகாக இறங்கினார், ஆனால் வேகத்தை அடக்க முடியாமல் ஐந்தாறு ஸ்கீ நீளத்துக்கு நேராக ஓடி, நினைத்த இடத்தில் திரும்ப முடியாமல் மரத்துக்குப் பக்கத்தில் வளைந்தார். விழவே இல்லை, ஆனாலும் கட்டுப்பாட்டில் பெரிய அடி.

3. ஓட்டம். மேலிருந்து கீழ்வரை நிற்காமல், தயங்காமல் வருவது. பாறை விளிம்பில் நின்று எட்டிப்பார்த்தால் கழிவு. வழி தெரியாமல் பக்கவாட்டில் நடந்தால் அதைவிடக் கழிவு. ஆய்வின்போது மனப்பாடம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். கீழேயிருந்து பார்த்த மலையும் மேலேயிருந்து பார்க்கும் மலையும் ஒன்றல்ல. விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. கீழேயிருந்து அடையாளம் வைத்த மரமோ கல்லோதான் ஒரே துணை.

4. நுட்பம். திருப்பங்களின் தரம். ஸ்கீயின் விளிம்பு கடிக்கிறதா, உடல் சரிவுக்கு நேராக இருக்கிறதா, எடை எங்கே இருக்கிறது. ஆல்பைன் பயிற்சியில் வளர்ந்த பிள்ளைகள் பொதுவாக இதில் வாரிக்கொண்டு போவார்கள்.

5. பாணியும் துடிப்பும். தாவலில் சுழல்வது, ஸ்கீயைப் பிடிப்பது, மொத்த இறக்கத்திலும் தெரியும் வேகமும் உற்சாகமும். ஐந்தில் அதிகம் வாக்குவாதம் வருவது இதில்தான். வரத்தான் செய்யும்.

## கணக்கு எப்படிச் சேர்கிறது?

ஐந்தும் தனித்தனி உண்டியல்கள் என்று நினைத்தால் குழப்பம் தீராது. தடம்தான் அடிப்படை. மற்ற நான்கும், அந்தத் தடத்தில் இவர் எப்படி இறங்கினார் என்பதைத்தான் சொல்கின்றன. எளிதான சரிவில் ஒரு பிசிறும் இல்லாமல் இறங்கினால் கட்டுப்பாட்டுக்குப் பத்துக்குப் பத்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டைச் சோதிக்கும்படி அங்கே எதுவும் இல்லையே.

ஐம்பது மதிப்பெண் முறையில், விளக்கத்துக்காக நானே போட்ட எண்களோடு மூன்று இறக்கங்களைப் பார்ப்போம்.

1. துணிச்சல்காரர். அன்றைய மிகக் கடினமான தடம். பெரிய பாறையில் குதித்தார், முதுகு பனியில் அறைந்தது, எழுந்து மூச்சுவாங்க ஐந்து நொடி நின்றார், அப்புறம் வேகமாக முடித்தார். தடம் 8.2, கட்டுப்பாடு 5.0, ஓட்டம் 5.5, நுட்பம் 6.2, பாணி 6.5. மொத்தம் 31.4.

2. திட்டக்காரர். நடுத்தரத்துக்குச் சற்று மேலான தடம். இரண்டு மிதமான பாறைகள், இரண்டிலும் சுத்தமான லேண்டிங், எங்கேயும் வேகம் குறையவில்லை. தடம் 6.6, கட்டுப்பாடு 7.4, ஓட்டம் 7.3, நுட்பம் 7.2, பாணி 6.9. மொத்தம் 35.4.

3. பத்திரக்காரர். பாறையே இல்லாத அகலமான பனிச்சந்து. குறை சொல்ல ஒன்றுமில்லை. தடம் 4.8, கட்டுப்பாடு 6.9, ஓட்டம் 6.8, நுட்பம் 6.7, பாணி 5.6. மொத்தம் 30.8.

இரண்டாமவர் ஜெயித்ததில் ஆச்சரியமில்லை. கவனிக்க வேண்டியது முதலாமவரும் மூன்றாமவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்பது. பெரிய தடத்தை எடுத்துச் சொதப்பியவருக்கும், சின்னத் தடத்தை எடுத்துப் பிழையில்லாமல் முடித்தவருக்கும் வித்தியாசம் அரைப்புள்ளி சொச்சம்தான். துணிச்சலால் கிடைத்த 3.4 புள்ளியில் பெரும்பகுதியை ஒரே லேண்டிங் தின்றுவிட்டது.

அதே துணிச்சல்காரர் அதே பாறையில் சுத்தமாக இறங்கியிருந்தால் நாற்பதை எட்டியிருப்பார், திட்டக்காரர் இரண்டாம் இடத்துக்குப் போயிருப்பார். ஆக, பெரிய தடம் எடுக்காதே என்று இந்த முறை சொல்லவில்லை. உன்னால் முடிகிற தடங்களிலேயே பெரியதை எடு என்கிறது. பதினைந்து வயதில் அந்த எல்லையைச் சரியாகக் கணிப்பது பாறையில் குதிப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவர்கள் ஒவ்வோர் இறக்கத்தையும் ஒரு கற்பனையான முழுமையோடு ஒப்பிடுவதில்லை. அன்று அந்த மலைமுகத்தில் இறங்கிய மற்றவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். எண் என்பது வரிசையைக் காட்டும் கருவி. அதனால் போன வாரம் வேறொரு மலையில் 34 வாங்கியவர் இந்த வாரம் 31 வாங்கினால் ஆட்டம் இறங்கிவிட்டது என்று பொருளல்ல.

## விழுந்தால்? ஸ்கீ கழன்றால்?

விழுந்தவுடன் போட்டி முடிந்துவிடாது. எழுந்து இறங்கி முடித்தால் மதிப்பெண் உண்டு, ஆனால் கட்டுப்பாடும் ஓட்டமும் சேர்ந்து சரியும். வேர்ல்டு டூரில் ஸ்கீ கழன்று போனால் மதிப்பெண்ணே கிடையாது. தொடக்க வாயிலுக்கே வராதவர், முடிக்காதவர், தகுதி நீக்கப்பட்டவர் என்று பட்டியலில் தனிக் குறிகள் இருக்கும். எல்லைக் கொடியைத் தாண்டி வெளியே போவது தகுதி நீக்கத்துக்கான வழக்கமான காரணங்களில் ஒன்று.

எந்த மதிப்பெண்ணும் வேண்டாம் என்று பாதியிலேயே ஓரமாகச் சறுக்கி இறங்கிவிடவும் போட்டியாளருக்கு உரிமை உண்டு. தடம் தவறிவிட்டது, கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் அதுதான் சரியான முடிவு. இந்த உரிமையைப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

## நடுவர்கள் எங்கே சறுக்கலாம்?

வழக்கமாக நடுவர் குழு ஒன்று, அதற்கு ஒரு தலைமை நடுவர். மலைமுகம் முழுதும் தெரியும் இடத்தில், பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய போட்டிகளில் காணொளியைத் திரும்பப் பார்க்கும் வசதி உண்டு. சின்ன வட்டாரப் போட்டியில் பெரும்பாலும் கண்ணும் குறிப்புத்தாளும்தான். பலர் தாங்களே முன்னாள் போட்டியாளர்கள். பாறை எவ்வளவு உயரம், கீழே பனி எப்படி என்று ஆய்வு நாளிலேயே பார்த்து வைத்திருப்பார்கள்.

ஆனாலும் சில பிசகுகள் இந்த முறையோடு கூடப்பிறந்தவை.

1. முதலில் இறங்குபவரின் சிக்கல். மூன்றாவதாக வருபவர் அபாரமாக இறங்கினாலும் நடுவர்கள் கை தாராளமாக எழாது. அவரைவிடச் சிறந்த இறக்கம் பின்னால் வரலாம், அதற்கு மேலே இடம் விட்டு வைக்க வேண்டும். முன்னோடிகள் இதைக் கொஞ்சம் குறைக்கிறார்கள், முழுதாக அல்ல.

2. பனி மாறுவது. ஒரே பாறைக்குக் கீழே முப்பது பேர் குதித்தபின் அங்கே பெரிய குழி விழுந்திருக்கும். முப்பத்தொன்றாமவர் அந்தக் குழிக்குள் போய் விழ வேண்டும், இல்லையென்றால் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இரண்டும் ஆபத்து. நடுவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஆனால் முழங்காலுக்குக் கணக்கு தெரியாது. வரிசை எண்ணைக் குலுக்கலில் கொடுப்பது நியாயம்தான், சமம் அல்ல.

3. பெயர் தெரிந்திருப்பது. சிறிய வட்டாரத்தில் ஒரே பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் வருவார்கள். போன வாரம் ஜெயித்தவர் வாயிலில் நிற்கிறார் என்றால் நடுவரின் எதிர்பார்ப்பு கூடத்தான் செய்யும். பல நடுவர்களின் சராசரியை எடுப்பது இதற்கான மருந்து.

நடுவர் நம்பிக்கைக்கு உரியவரா என்ற கேள்வியைவிட இரண்டாவது பிசகுதான் முடிவுகளை அதிகம் பாதிக்கிறது என்று நினைக்கிறேன். பெற்றோர் சண்டை போடுவது என்னவோ எப்போதும் மூன்றாவதற்குத்தான்.

மேல்முறையீடு உண்டா? நடைமுறைத் தவறுக்கு உண்டு: யாரோ குறுக்கே வந்தார்கள், மதிப்பெண் தப்பாகக் கூட்டப்பட்டது, எண் மாறிப் பதிவானது. பாணிக்கு இன்னும் அரைப்புள்ளி போட்டிருக்கலாம் என்பதற்குப் பொதுவாக முறையீடு கிடையாது.

## பிள்ளைகளுக்குத் தனி அளவுகோல் ஏன்?

பெரியவர்களின் போட்டியிலும் கட்டுப்பாடு என்ற தலைப்பு உண்டு. ஆனால் அங்கே ஒருவர் வாழ்க்கையையே பணயம் வைத்து யாரும் போகாத தடத்தில் போனால், சின்னத் தடுமாற்றத்தைப் பெருந்தன்மையாக விட்டுவிடும் மனநிலை இருக்கும். இளையோர் போட்டியில் அந்தப் பெருந்தன்மை வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது. எளிய காரணம்தான்: எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் அடுத்த வாரம் செய்வார்கள். முதுகில் அறைந்து எழுந்தவனுக்கு மேடை கிடைத்தால் அடுத்த வாரம் பத்துப் பேர் அதே பாறையில் ஏறி நிற்பார்கள்.

அந்த வகையில் கட்டுப்பாட்டு மதிப்பெண் என்பது மாறுவேடம் போட்ட பாதுகாப்பு விதி. தலைக்கவசம், முதுகுக்காப்பு என்று எழுதி வைக்கும் விதிகள் விழுந்தபின் காப்பாற்றும். இது விழும் முடிவை எடுக்காமலேயே தடுக்கப் பார்க்கிறது. தலைகீழாகச் சுழலும் தாவல்களுக்கு வயதுப்பிரிவுக்கு ஏற்ப வரம்பு இருப்பதும் இதே நோக்கத்தில்தான். பனிச்சரிவு ஆபத்துள்ள திறந்த மலையில் நடக்கும் போட்டிகளில் பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, தேடுகோல் மூன்றும் முதுகுப்பையில் இருந்தாக வேண்டும்; அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரே சிரித்துக்கொண்டு நிற்பது சிக் பேர்டு விருது. வட அமெரிக்கப் போட்டிகளில், இடம் எதுவாக இருந்தாலும் அன்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்த இறக்கத்துக்குக் கொடுப்பது. ஒரு பக்கம் அடக்கு என்கிறார்கள், மறுபக்கம் அசத்து என்கிறார்கள். முரண்தான். ஆனால் இந்த விருது இல்லாவிட்டால் எல்லோரும் திட்டக்காரரின் நடுத்தரத் தடத்திலேயே வரிசைகட்டி இறங்கும் சலிப்பு வந்துவிடும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

## ஃபிஸ் வந்தபின் என்ன மாறுகிறது?

2022இன் இறுதியில், பனிச்சறுக்கின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிஸ், ஃப்ரீரைடு வேர்ல்டு டூரை வாங்கியது. 2024 ஜூனில் ஃப்ரீரைடை அதிகாரபூர்வப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஃபிஸ் பெயரிலான முதல் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு அன்டோராவின் ஓர்டினோ அர்காலிஸும் 2026 பிப்ரவரியும் தேர்வாயின. ஒலிம்பிக் பேச்சும் கூடவே வந்துவிட்டது.

இதன் விளைவு இளையோர் மட்டத்தில் மூன்று விதமாக இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

1. தேசியச் சங்கங்கள் உள்ளே வரும். இதுவரை ஒரு பிள்ளை தன் பெயரில் பதிவுசெய்து, தன் மையத்தின் அணியோடு வந்து இறங்கிப் போனான். நாட்டின் அணி, தேர்வு, ஒதுக்கீடு என்று வந்துவிட்டால், யார் போவது என்ற முடிவு மலையிலிருந்து அலுவலகத்துக்கு ஓரளவு நகரும். பயிற்சிக்கு நிதி வரும் என்பது நல்ல பக்கம்.

2. நடுவர் பயிற்சி ஒரே மாதிரியாகும். ஐம்பது, நூறு என்று இரண்டு கணக்கு ஓடுவது நீண்டநாள் தாங்காது. அதே சமயம் ஒரே மாதிரியாக்கும்போது, இன்ன உயரப் பாறைக்கு இவ்வளவு, இன்ன சுழலுக்கு இவ்வளவு என்று பட்டியல் போடும் ஆசை எட்டிப் பார்க்கும். பட்டியல் வந்தால் பார்வையாளர்களுக்குப் புரியும். புதிய தடத்தைத் தேடும் வேலைக்கு மதிப்பு போய்விடும்.

3. நாள் குறிப்பது பெரும்பாடாகும். ஃப்ரீரைடு போட்டிக்குத் தேதி கிடையாது, ஒரு வாரமோ அதற்கு மேலோ நீளும் காத்திருப்புக் காலம்தான் உண்டு. பனியும் வெளிச்சமும் ஒத்துவரும் ஒரு நாளில் நடத்துவார்கள். ஒத்துவராவிட்டால் வேறு மலைமுகத்துக்கு மாற்றுவார்கள், அல்லது ரத்து செய்வார்கள். தொலைக்காட்சி நேரம், பயண ஏற்பாடு, பள்ளி விடுப்பு எதற்கும் இது பொருந்தாது. அட்டவணையைக் காப்பாற்றுவதற்காகச் சுமாரான பனியில் போட்டியைத் தொடங்கும் அழுத்தம் வருமானால், முதலில் சிக்கிக்கொள்வது வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் வயதில் இருப்பவர்கள்தான். தொடக்கத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, மலைவழிகாட்டியிடமா ஒளிபரப்பு மேலாளரிடமா என்பது இனி வரும் விதிப்புத்தகங்களில் முதலில் தேடிப்பார்க்க வேண்டிய வரி.